வரைபடத்தில் இல்லாத சேரி: சென்னை முழுமைத் திட்டத்தை முன்வைத்து ஒரு வாசிப்பு

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். திணை துறை பிரிக்கவும், கல்வெட்டு வாசிக்கவும், ஒரு நாவலில் யார் குரல் கேட்கிறது, யார் குரல் அமுங்கிக் கிடக்கிறது என்று துழாவவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மாஸ்டர் பிளானை வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. அதெல்லாம் என்ஜினியர்கள் சமாச்சாரம், இலக்கியக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று நானும் ரொம்ப நாள் ஒதுங்கியே இருந்தேன். ஆனால் என் அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், என் தம்பி எந்த வகுப்போடு படிப்பை நிறுத்த வேண்டும், மழை பெய்தால் எங்கள் வீட்டு அரிசி மூட்டையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்த எழுத்து சிலப்பதிகாரமுமில்லை, திருக்குறளுமில்லை. வண்ணம் தீட்டிய வரைபடங்களோடு அரசாங்கம் வெளியிடும் புத்தகம் அது. விமர்சனம் எழுதுகிற நாம் அந்தப் பிரதியை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டு வைத்திருக்கிறோம்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது 1971இல். பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972இல் தொடங்கப்பட்டு 1974இல் சட்டபூர்வ அமைப்பானது. முதல் முழுமைத் திட்டம் எழுபதுகளின் நடுவில் வந்தது. இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. 2026ஐ எல்லையாக வைத்து எழுதப்பட்டது. அது எடுத்துக்கொண்ட பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் இந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஏறத்தாழ ஐந்து மடங்கு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகளும் வயல்களும் ஊர்களும் சேரிகளும் ஒரே அரசாணையில் 'பெருநகர்' ஆகிவிட்டன. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் வேலையும் 2022லேயே தொடங்கிவிட்டது. ஆகவே பழைய பிரதியைத் தூசு தட்டி வாசிக்கும் கல்வித்துறை வேலை இது இல்லை. நம் பிள்ளைகள் எங்கே குடியிருக்கப் போகிறார்கள் என்ற வழக்கு இதில் இருக்கிறது.

இரண்டாவது திட்டம் மூன்று தொகுதிகள். முதல் தொகுதி கனவு, உத்தி, செயல்திட்டம். இரண்டாவது விதிகள். மூன்றாவது துறைவாரியான புள்ளிவிவரம். கனவுப் பகுதி நன்றாகவே இருக்கிறது. வாழத் தகுந்த நகரம், பொருளாதாரத்தில் துடிப்புள்ள நகரம், சுற்றுச்சூழலைக் காக்கும் நகரம், அடுத்த தலைமுறைக்குச் சொத்துச் சேர்க்கும் நகரம் என்கிற தோரணையில் அது பேசுகிறது. இதில் எதை வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஆனால் யாருக்கு வாழத் தகுந்தது, யார் உழைப்பில் வரும் துடிப்பு, யாருடைய அடுத்த தலைமுறை என்று கேட்டால் பிரதி மௌனமாகிறது. தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று உண்டு. செய்தவன் பெயரைச் சொல்லாமலேயே காரியத்தைச் சொல்லி முடித்துவிடலாம். 'அகற்றப்பட்டனர்', 'மறுகுடியமர்த்தப்பட்டனர்', 'மீட்கப்பட்டது'. அரசாங்க மொழி முழுக்க இந்த வினையில்தான் நடக்கிறது. அகற்றியது யார், யாரிடமிருந்து மீட்டது, அதில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை வாசகர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நிலப் பயன்பாட்டு வரைபடம் இந்தப் பிரதியின் உயிர்நாடி. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று நிலத்தை வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நிலத்தை வகுப்பது தமிழுக்குப் புதிதில்லை என்று நம் பேராசிரியர்கள் ஐந்திணையைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். நான் வேறொன்றைக் காட்டுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலக்கணக்கு இருக்கிறது. வரி வாங்கும் நிலத்தைக் கணக்கிடும்போது கழித்துவிட வேண்டியவற்றின் பட்டியலில் ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் வருகின்றன, கம்மாணச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது, சுடுகாடு வருகிறது. சில இடங்களில் தீண்டாச்சேரி என்றே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நிலப் பயன்பாட்டுத் திட்டம் இது. யார் எங்கே இருக்க வேண்டும், எந்த வழியாகத் தண்ணீர் போக வேண்டும், பிணம் எங்கே எரிய வேண்டும் என்று வகுத்துக் கல்லில் அடித்து வைத்த முழுமைத் திட்டம். சோழன் ஒளிவுமறைவு இல்லாமல் சேரியைச் சேரி என்று எழுதினான். இன்றைய வரைபடத்தில் சேரி கிடையாது. ஊரும் சேரியும் ஒரே நிறத்துக்குள் கரைந்து கிடக்கின்றன. பார்க்கச் சமத்துவம் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஊருக்குள் வருகிற சாலை சேரிக்கு முன்னால் நிற்பதும், புறவழிச்சாலைக்கு நிலம் எடுக்கும்போது கோடு சரியாகச் சேரியின் மேல் விழுவதும் அந்த ஒற்றை நிறத்தில் தெரியாமல் போகிறது.

சேரி காணாமல் போன இடத்தில் 'குடிசைப்பகுதி' வந்து உட்கார்ந்தது. குடிசைப்பகுதி மாற்று வாரியம் 1970இல் அமைக்கப்பட்டது. சட்டம் 1971இல் வந்தது. சேரி என்றால் அங்கே ஒரு வரலாறு இருக்கிறது, அநீதி இருக்கிறது, கணக்குக் கேட்க இடம் இருக்கிறது. குடிசை என்றால் ஓலையும் தார்ப்பாயும்தான். அதைப் பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சாதியால் உண்டான குடியிருப்பைக் கூரையின் தரத்தை வைத்துப் பெயரிட்டது ஒரு பெரிய மொழிமாற்றம். 'மாற்று' என்ற சொல்லையும் பாருங்கள். குடிசையை வீடாக மாற்றுவதும் மாற்றுதான், குடிசைக்காரனை இடம் மாற்றுவதும் மாற்றுதான். தொடக்க ஆண்டுகளில் வாரியம் முதல் அர்த்தத்தில் வேலை செய்தது. நகரத்துக்குள்ளேயே, சனங்கள் இருந்த இடத்திலேயே மூன்று மாடி நான்கு மாடி அடுக்குகளைக் கட்டியது. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் மனை ஒதுக்கி, தெருவும் தண்ணீரும் கொடுத்து, இருக்கிற இடத்தை மேம்படுத்தும் திட்டங்களும் வந்தன. 2000க்குப் பிறகு இரண்டாவது அர்த்தம் ஜெயித்தது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கில் அடுக்கு வீடுகள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேல். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. குடிசை என்ற இழிசொல் போனது நல்லதுதான். ஆனால் பெயரை மாற்றிய பிறகும் புல்டோசர் நிற்கவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார்.

சட்டத்திலும் ஒரு மௌனம் இருக்கிறது. ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அரசு அறிவித்தால்தான் அங்கிருப்பவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் 17ஐச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிதாக அறிவிப்பே இல்லை. நகரம் பெருத்தது, சனம் வந்தது, குடியிருப்புகள் உருவாயின. பட்டியலில் ஏறாதவர்களுக்கு ஒரே பெயர்தான் மிச்சம்: ஆக்கிரமிப்பாளர்.

எங்கள் வீடு கூவத்தின் கரையில் இருந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு காலையில் லாரி வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் ஒருத்தர் வந்து சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போனார். அம்மா ஒரு டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்து போனால் கால் மணி நேரம். லாரியில் ஏறும்போது அம்மா கேட்டது இதுதான்: "அங்கேர்ந்து நான் வேலைக்கு எப்டி சார் வருவேன்?" அந்த அதிகாரி, "பஸ் வுடுவாங்கம்மா" என்றார். பஸ் விட்டார்கள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அம்மா நான்கு மணிக்கு எழுந்தாள். சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்குப் போனது. ஆறு மாதத்தில் டாக்டர் வீட்டு வேலை போயிற்று. தம்பியைப் புது இடத்துப் பள்ளியில் நடு வருஷத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அந்த வருஷம் போனது போனதுதான். அடுத்த வருஷம் அவனுக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை. நான் பழைய பள்ளியிலேயே இருந்தேன். பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். நான் எம்.ஏ. முடித்ததற்கும் அவன் எட்டாவது தாண்டாததற்கும் நடுவில் இருப்பது அறிவு வித்தியாசம் இல்லை, ஒரு லாரி.

இந்த இடத்தில் தோழர் ஒருவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். "கூவத்து நாத்தத்துல கெடந்தது ரொம்ப சந்தோஷமா? கான்கிரீட் வீடு குடுத்தா அதையும் குறை சொல்றீங்களே." நியாயமான கேள்விதான். சேரியைப் புனிதப்படுத்துவது என் வேலை இல்லை. கூவத்துக் கரையில் பொம்பளைங்க இருட்டும் வரைக்கும் அடக்கிக்கொண்டு காத்திருந்ததை நான் மறக்கவில்லை. கதவு போட்ட கக்கூஸ் கிடைத்த நாளை அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஆனால் அதே கக்கூஸையும் அதே கான்கிரீட்டையும் இருந்த இடத்திலேயே கட்டித் தர முடியும் என்று எழுபதுகளில் இதே அரசுதான் செய்து காட்டியது. நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்து அடுக்கு வீடு கட்டினார்கள் அல்லவா? அப்புறம் ஏன் முடியாமல் போனது? நகரத்து நடுவில் நிலத்தின் விலை ஏறிவிட்டது. விலை ஏறிய நிலத்தில் நாம் இருப்பது நகரத்தின் கண்ணை உறுத்துகிறது. ஊருக்கு நடுவில் சேரி இருக்கக் கூடாது என்ற பழைய விதி, நிலத்தின் சந்தை மதிப்பு என்ற புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சுற்றுச்சூழல் அத்தியாயத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்தவர்கள்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்கிற பேச்சு நகரம் முழுக்கப் பரவியது. அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை வேகவேகமாக அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கே? பெரும்பாக்கத்துக்கு. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ள அபாயம் என்று சொல்லித் தூக்கியவர்களைத் தண்ணீர் வந்து நிற்கிற இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் செம்மஞ்சேரியில் படகு போகிறது. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது. சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதில் மாநகராட்சியின் குப்பைமேடு இருக்கிறது, சாலை இருக்கிறது, மென்பொருள் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. இரண்டாவது திட்டத்தின் விதிகளிலேயே சதுப்பு நிலத்துக்கும், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புக்கும், கிழக்குக் கடற்கரையின் நிலத்தடி நீருக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலிலும் ஏறியது. பறவைக்குக் கிடைத்த பாதுகாப்பில் எனக்குப் பொறாமை இல்லை. சதுப்பும் வேண்டும், சனமும் வேண்டும். ஆனால் சூழல் என்ற சொல் வரும்போதெல்லாம் முதலில் காலி செய்ய வேண்டியவர்கள் நாமாகவே ஏன் இருக்கிறோம்?

வடக்கே போனால் இதன் மறுபக்கம் தெரியும். நிலவகைப் பட்டியலில் 'சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில்' என்று ஒரு வகையே உண்டு. அபாயம் என்று எழுதி நிறம் பூசிய இடத்தைச் சுற்றிக் குப்பங்களும் காலனிகளும் இருக்கின்றன. 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். தெற்கே வேலைக்குத் தொலைவாகவும் தண்ணீருக்கு அருகிலும், வடக்கே விஷத்துக்கு அருகிலும் நமக்கு இடம்.

வேலைவாய்ப்பு அத்தியாயம் பழைய மகாபலிபுரம் சாலையைத்தான் முத்தாகக் காட்டும். டைடல் பூங்கா 2000இல் திறந்தது. அதன் பிறகு அந்தச் சாலை முழுக்கக் கம்பெனிகள். அந்தச் சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகரும் இருக்கிறது. இடத்தால் இவ்வளவு நெருக்கம். ஆனால் நம் பெண்கள் அந்தக் கட்டடங்களுக்குள் போவது துடைப்பத்தோடு. ஆண்கள் போவது செக்யூரிட்டி சட்டையோடு. பட்டம் வாங்கிய பிள்ளைகள் விண்ணப்பத்தில் வேறு முகவரி எழுதுகிறார்கள். எனக்கும் ஒரு கம்பெனியில் அது நடந்தது. மேலாளர் முகவரியைப் பார்த்தார், "ஓ, அங்கேர்ந்தா வர்றீங்க" என்றார், அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. ஊரில் சாதியைச் சொல்ல சேரியின் பெயர் போதும். நகரத்தில் சாதி ஒழிந்துவிடும் என்று நம்பினோம். நகரம் நம் எல்லோரையும் ஒரே முகவரிக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டது. அண்ணல் அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னது இதற்காக இல்லை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெரினாவில் இருந்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. தமிழ் உலகமே கொதித்தது. கவிதை வந்தது, கூட்டம் நடந்தது, 2006இல் சிலை திரும்ப வந்தது. அதே ஆண்டுகளில்தான் நகரத்துக் குடும்பங்களை லாரி லாரியாகக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சிலைக்காக அழுத தமிழ் இலக்கிய உலகம் அந்த லாரிகளைப் பற்றி எவ்வளவு எழுதியது? நீதி கேட்டு அரசவைக்குப் போனவள் பெயரை, நீதி கேட்க முடியாத தூரத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொன்றுக்கு எழில் நகர் என்று பெயர்.

பிறரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் இயக்கங்களும் நிலம் என்றால் கிராமத்து நிலம் என்றே நினைத்தோம். 1892 அரசாணையால் நம் முன்னோர்க்குக் கிடைத்த பஞ்சமி நிலத்துக்காகப் போராடினோம். அந்த நிலத்துக்கு அடிப்படையான அறிக்கையை எழுதிய திரமென்ஹீர் செங்கல்பட்டு ஆட்சியர். காரணையில் அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் செங்கல்பட்டுச் சீமையின் பெரும்பகுதியும் இப்போது 5,904 சதுர கிலோமீட்டருக்குள் வருகிறது என்பதை எத்தனை கூட்டத்தில் பேசினோம்? நாளை அந்த ஊர்களில் வயல் மனையாகும், ஏரிக்கரை சாலையாகும். பஞ்சமி நிலம் எது என்று வரைபடத்தில் குறிக்காமல் நிறம் பூசிவிட்டால், பத்திரப்பதிவில் பறிபோனதன் மிச்சமும் திட்டத்தால் பறிபோகும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்துச் சனங்கள் 2022 முதல் கிராமசபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். நிலம் உள்ளவரின் இழப்பாவது ஏக்கர் கணக்கில் பேசப்படுகிறது. அந்த நிலத்தில் கூலி செய்தவரின் இழப்புக்கு என்ன கணக்கு?

அம்பேத்கரைச் சட்டம் எழுதியவராக மட்டும் வாசிக்கிறோம். திட்டமிடல் பற்றியும் அவரிடம் பாடம் இருக்கிறது. 1947இல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், தீண்டப்படாதவர்களுக்குத் தனிக் குடியிருப்புகளை உருவாக்க ஒரு குடியமர்வு ஆணையம் வேண்டும், அரசின் சாகுபடி நிலங்களை அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார். அதுவும் தனி இடம்தான். ஆனால் அதில் நிலம் இருந்தது, பிழைப்பு இருந்தது, ஆதிக்கசாதி ஊரின் பிடியிலிருந்து விடுதலை இருந்தது, அரசியல் சட்டத்தின் காவல் இருந்தது. நமக்குக் கிடைத்ததோ நிலமும் பிழைப்பும் இல்லாத தனிமை. முந்நூறு நானூறு சதுர அடியும், சில சமயம் வேலை செய்யாத லிஃப்டும்.

அப்படியானால் என்ன கேட்பது? முதலாவது, இருக்கிற இடத்திலேயே வீடு. முடியாது என்றால் ஏன் முடியாது என்று அந்தத் தெருவில் வந்து தமிழில் சொல்ல வேண்டும். இரண்டாவது, பஞ்சமி நிலமும் சேரி நத்தமும் மயான வழியும் திட்ட வரைபடத்தில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, பெரிய கட்டுமானங்களில் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கு என்று இருந்த விதிக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஆக்கியிருக்கிறார்களே, அந்தக் கதவை மூட வேண்டும். பக்கத்து வீட்டில் நாம் இருக்கக் கூடாது என்பதற்கு விலை வைத்து வசூலிக்கிற ஏற்பாடு அது. நான்காவது, ஏற்கெனவே கொண்டுபோய்க் குவித்த இடங்களுக்குப் பள்ளி, மருத்துவமனை, பேருந்து, வேலை என்று தனி அத்தியாயமே திட்டத்தில் வேண்டும்.

மூன்றாவது திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவிடம் சொன்னேன். இருபது வருஷம் கழித்துச் சென்னை எப்படி இருக்கணும் என்று கேட்கிறார்கள், நீ என்ன சொல்லுவ என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இருவது வருஷம் கயிச்சி எப்டி இருக்கணும்னு அப்புறம் பாக்கலாம்டி. நாங்க எங்க இருக்கணும்னு அவங்க எப்பனாச்சும் எங்கள கேட்டாங்களா? அத மொதல்ல எய்து."

எழுதிவிட்டேன். நீங்கள் இருக்கிற பகுதியில் யாராவது அந்தப் புத்தகத்தை விரித்து உட்காருங்கள். உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வயல் என்று போட்டிருக்கிற இடத்தில் யார் சுடுகாடு இருக்கிறது, சாலை என்று இழுத்த கோட்டில் எத்தனை வீடு இருக்கிறது என்று எழுதுங்கள். அதைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.